தோல் கழிவு, புளியங்கொட்டை, வாட்டில் பட்டை: மரப்பசைக்கு எது தேறும்?

#1 காட்பாடி மரக்கடை

வணக்கம். காட்பாடியில் சின்னதாக ஒரு மர வேலைப் பட்டறை வைத்திருக்கிறேன். கட்டில், அலமாரி, பூஜை மாடம், கிச்சன் கபோர்டு எல்லாம் செய்கிறோம். போன கோடையில் பார்ட்டிகிள் போர்டில் ஒரு அலமாரி செய்து கொடுத்தோம். கதவைத் திறந்தாலே கண் எரிகிறது என்று அந்த வீட்டம்மா போன் செய்தார். போய்ப் பார்த்தேன், நிஜமாகவே எரிந்தது. பசையில் இருக்கும் ஃபார்மால்டிஹைடு அது என்று பலகை விற்றவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டார்.

அதிலிருந்து ஒரு யோசனை. நம் வட ஆற்காட்டில் பசைக்கு ஆகிற பொருளுக்கா பஞ்சம்? ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் தோல் கழிவு. மலைப் பக்கம் புளியங்கொட்டை. ஊரெல்லாம் கடலைப் புண்ணாக்கு. அம்முண்டி ஆலையில் கரும்புச் சக்கை. இவற்றில் ஏதாவது ஒன்றை வைத்து நல்ல மரப்பசை செய்ய முடியாதா?

கேட்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. என் மச்சான் ராணிப்பேட்டை பக்கம் ஹாட் பிரஸ் (பலகையைச் சூட்டோடு அழுத்தும் இயந்திரம்) போட்டு சின்னதாக ஒரு பலகை யூனிட் தொடங்கப் போகிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 பென்சீன் வளையம்

நீங்கள் கேட்டது இரண்டு தனித்தனிக் கேள்வி. முதலில் அதைப் பிரித்துவிடுவோம்.

உங்கள் பட்டறையில் பூசுவது ஃபெவிகால் மாதிரி வெள்ளைப் பசைதானே? அது பாலிவினைல் அசிடேட். ஃபார்மால்டிஹைடில் செய்தது இல்லை. கண்ணை எரித்தது நீங்கள் பூசிய பசை இல்லை, பலகை ஆலையில் மரத்தூளோடு கலந்த யூரியா ஃபார்மால்டிஹைடு. அந்தப் பசையின் பிணைப்பு ஈரமும் சூடும் சேர்ந்தால் மெல்ல உடையும், உடையும்போது வாயு வெளியே வரும். வேலூர் கோடையில் 40 டிகிரி தாண்டும், அலமாரிக்குள் காற்றோட்டம் கிடையாது, வேறென்ன ஆகும்? ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் முதல் பிரிவில் வைத்தது. ஃபீனால் ஃபார்மால்டிஹைடு போட்ட பலகையில் இந்தத் தொல்லை குறைவு, அதன் பிணைப்பு தண்ணீரில் அவ்வளவு சுலபமாக உடையாது. பிளைவுட் ஓரத்தில் கருஞ்சிவப்பாகக் கோடு தெரியுமே, அதுதான்.

ஆக, பட்டறைப் பசையை மாற்றினால் அந்த அம்மாவின் கண் எரிச்சல் போகாது. இந்த வாயுவைக் குறைவாக விடும் ஈ-1 தரப் பலகை வாங்குங்கள். வெட்டிய ஓரங்களை ஒன்றுவிடாமல் எட்ஜ் பேண்ட் ஒட்டி மூடுங்கள், முக்கியமாக யாரும் பார்க்காத பின்பக்கமும் அடிப்பக்கமும். இயற்கைப் பசை யோசனை உங்களைவிட உங்கள் மச்சானுக்குத்தான் வேண்டும்.

#3 சுண்ணாம்புக்குழி, ஆம்பூர்

தோல் கம்பெனியில் சூப்பர்வைசராக வேலை பார்க்கிறேன். வெளியே இருந்து பார்ப்பவர்களுக்குத் தோல் கழிவு என்றால் ஒரே குப்பை. உள்ளே அது ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பல சரக்கு.

உப்புப் போட்ட பச்சைத் தோல் ஒரு டன் உள்ளே போனால் பதப்பட்ட தோலாக வெளியே வருவது சுமார் 200 கிலோ. மீதி எல்லாம் வழியில் கழிவது. முதலில் ஓரம் வெட்டுவது. அடுத்து சுண்ணாம்பில் ஊறிய பிறகு மிஷினில் உள்பக்கச் சதையையும் சவ்வையும் சீவுவது, அதை ஃபிளெஷிங் என்போம். அப்புறம் பதனிடக் குரோமிய உப்பை ஏற்றுவோம், தோல் நீலமாகும். அதற்குப் பிறகு கனம் குறைக்கும்போது ஷேவிங் தூள், கடைசியில் பஃபிங் தூசி.

பசைக்கு ஆவது குரோம் ஏறுவதற்கு முன்னால் கழிவது மட்டும்தான். அதுவும் உங்களுக்காகக் காத்துக்கொண்டிருக்கவில்லை. நல்ல ஓரத் துண்டுகளை ஜெலட்டின்காரர்களும் நாய் மெல்லும் பொருள் செய்பவர்களும் காசு கொடுத்து எடுத்துப் போகிறார்கள். மிஞ்சுவது ஃபிளெஷிங். அதில் பெரும்பகுதி தண்ணீர், அப்புறம் கொழுப்பு, சுண்ணாம்பு, சல்ஃபைடு. கழுவி, அமிலம் விட்டுச் சுண்ணாம்பைப் போக்கி, கொழுப்பைப் பிரித்து, அதன் பிறகுதான் காய்ச்ச வேண்டும். கழுவிய தண்ணீரை எங்கே விடுவீர்கள்? பாலாறு பட்ட பாடு போதும். 1996-ல் வேலூர் வழக்கில் சுப்ரீம் கோர்ட் மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பு சொன்னது இந்தத் தண்ணீருக்காகத்தான். கொல்லையில் அடுப்பு வைத்துக் காய்ச்சலாம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். அக்கம்பக்கத்தார் உங்களை ஊரை விட்டே துரத்துவார்கள்.

#4 உளிச்சத்தம்

பாய் சொல்வது சரி, காய்ச்சுவது நம் வேலை இல்லை. ஆனால் காய்ச்சிக் கட்டியாக வரும் வஜ்ரத்தில்தான் நாங்கள் தொழில் கற்றோம். ஃபெவிகால் வருவதற்கு முன்னால் நம் பக்கத்துத் தச்சர்களுக்கு அதுதானே பசை.

இப்போதும் பயன்படுத்துகிறவர்களுக்காகச் சொல்கிறேன். வஜ்ரக் கட்டியை உடைத்து முதல் நாள் ராத்திரியே தண்ணீரில் ஊறப்போட வேண்டும். காலையில் பாத்திரத்துக்குள் பாத்திரம் வைத்து, வெளிப் பாத்திரத்துத் தண்ணீரை மட்டும் சூடாக்கிக் கரைக்க வேண்டும். நேராக அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டால் பசையின் சத்து போய்விடும், 60 டிகிரி சூடு போதும். ஒட்டும் மரத்தையும் கொஞ்சம் வெயிலில் வைத்து எடுங்கள், ஃபேனை நிறுத்துங்கள், பூசியவுடன் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். தாமதித்தால் மேலே ஏடு கட்டிவிடும், அப்புறம் ஒட்டினாலும் ஒட்டாத மாதிரிதான்.

உள் வேலைக்கு, அதாவது நாற்காலிக் கால், டிராயர் மூட்டு, வீணைக்கெல்லாம் அருமையான பசை. நாளைக்குப் பழுது பார்க்க வேண்டும் என்றால் ஆவி காட்டினால் மூட்டு கழன்று வரும், மரம் சிதையாது. வெள்ளைப் பசையில் இது நடக்குமா? ஆனால் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஈரம் ஏறினால் இளகும், பூஞ்சை பிடிக்கும். வாசல் கதவு, குளியலறைக் கதவு, சமையல் மேடைக்குக் கீழே வரும் பெட்டி எதற்கும் கிட்டேயே கொண்டுபோகாதீர்கள்.

#5 காட்பாடி மரக்கடை

ரொம்ப நன்றி அண்ணா. பாய், உங்களுக்கும். அப்படியானால் தோல் கதை உள் மூட்டோடு முடிந்தது. புளியங்கொட்டை? எங்கள் பாட்டி அதைக் காய்ச்சிப் பட்டத்துக்கும் நோட்டு அட்டைக்கும் ஒட்டுவார்.

#6 ஜவ்வாது மலையடி

புளி வியாபாரம் செய்கிற குடும்பம் எங்களுடையது. கொட்டை சும்மா கிடக்கிறது என்று நினைப்பவர்களைப் பார்த்தால் சிரிப்புத்தான் வருகிறது தம்பி. புளி அடித்து எடுத்த கொட்டையை மூட்டை மூட்டையாக மில்காரர்கள் வாங்குகிறார்கள். வறுத்துத் தோல் நீக்கி மாவாக்கி நூலுக்குக் கஞ்சி போடவும், துணிக்குச் சாயம் அச்சடிக்கும்போது குழம்பு கெட்டியாகவும் அனுப்புகிறார்கள். உணவுத் தொழிலுக்கும் போகிறது. புளி விலை இறங்கும் வருஷத்தில் கொட்டைதான் எங்களுக்குக் கை கொடுக்கும்.

#7 பென்சீன் வளையம்

அக்கா சொல்வது முக்கியம். புளியங்கொட்டை மாவில் இருப்பது சைலோகுளுகன் என்ற மாவுச்சத்துக்கு உறவான பொருள். பச்சைத் தண்ணீரில் கரையாது, கொதித்தால் கூழாகும். காகிதத்தை நன்றாக ஒட்டும். மரத்தையும் ஒட்டும், ஆனால் நனைந்தால் மறுபடி கூழ்தான்.

ஆனால் மச்சானுக்கு இதில் ஒரு உபயோகம் இருக்கிறது. பிளைவுட் ஆலைகளில் பசையைக் கெட்டியாக்கவும் செலவைக் குறைக்கவும் மைதாவைக் கலக்கிறார்கள். சாப்பிடும் மாவை மூட்டை மூட்டையாகப் பலகையில் கொட்டுவது எனக்கு எப்போதுமே உறுத்தும். அந்த இடத்தில் புளியங்கொட்டை மாவைப் போட்டுப் பார்க்கலாம். அளவு கூடினால் தண்ணீர் தாங்கும் சக்தி குறையும், அதனால் கொஞ்சமாகத் தொடங்க வேண்டும்.

#8 கணக்குப்பிள்ளை

வேலூரில் பிளைவுட் கடை வைத்திருக்கிறேன். நடுவில் புகுந்து கெடுப்பதாக நினைக்காதீர்கள். யூரியா பசை ஏன் உலகம் பூராவும் ஓடுகிறது? மலிவு, நிறமில்லை, சீக்கிரம் இறுகும். நீங்கள் சொல்லும் கழிவு எதுவும் இலவசம் இல்லை. கடலைப் புண்ணாக்கு மாட்டுத் தீவனம். கரும்புச் சக்கை ஆலையின் கொதிகலனுக்குப் போகிறது, மிஞ்சினால் காகித ஆலைக்கு. காகித ஆலையில் வரும் கறுப்புக் கழிவுநீரையும் அவர்களே எரித்து நீராவி எடுக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் ஏற்கெனவே ஒரு ஆள் இருக்கிறான். இரண்டு பலகை பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் விலை குறைந்ததைத்தான் எடுக்கிறார்கள், பசை என்ன என்று கேட்டவர் என் கடைக்கு இதுவரை வந்ததில்லை.

#9 பென்சீன் வளையம்

விலை விஷயத்தில் உங்களோடு சண்டை இல்லை சார். ஆனால் வெளியே இது கடைச் சரக்காகவே வந்துவிட்டது. அந்தக் கறுப்புநீரில் இருப்பது லிக்னின். மரத்தை இறுக்கிப் பிடித்திருக்கும் பொருள் அது, ஃபீனால் குடும்பம். ஃபின்லாந்தின் யுபிஎம் தன் பிளைவுட் பசையில் ஃபீனாலில் பாதியை எடுத்துவிட்டு லிக்னின் போடுகிறது. முழுவதும் மாற்றாததற்குக் காரணம், லிக்னின் மூலக்கூறில் வேதிவினைக்கு ஏற்ற இடங்கள் ஃபீனாலைவிடக் குறைவு, மெதுவாகத்தான் இறுகும். பிரஸ்ஸில் கூடுதல் நேரம் என்றால் கூடுதல் செலவு.

அமெரிக்காவில் கொலம்பியா ஃபாரஸ்ட் பிராடக்ட்ஸ் 2005 முதல் சோயா மாவுப் பசையில் பிளைவுட் செய்கிறது. ஒரேகான் மாநிலப் பல்கலைக்கழகத்தில் காய்ச்சாங் லீ என்ற விஞ்ஞானி கடல் மட்டி பாறையில் ஒட்டிக்கொள்வதைப் பார்த்துச் செய்த பசை அது. காகிதம் ஈரத்தில் கிழியாமல் இருக்கச் சேர்க்கும் ஒரு ரெசினைச் சோயாப் புரதத்தோடு சேர்த்தார், தண்ணீர் தாங்கும் சக்தி வந்துவிட்டது.

இங்கே அதற்குச் சமமாகக் கடலைப் புண்ணாக்கைச் சொல்லலாம், அதிலும் புரதம் நிறைய. நல்ல புண்ணாக்கை மாட்டிடமிருந்து பிடுங்க வேண்டாம். ஆனால் பூஞ்சை பிடித்து அஃப்ளாடாக்சின் ஏறிய புண்ணாக்கு? அதை மாட்டுக்கே போடக்கூடாது, பாலில் நஞ்சு இறங்கும். கழிவு என்று சொன்னால் அதைத்தான் சொல்ல வேண்டும். அரைக்கும் இடத்தில் தூசி மூக்கில் போகாமல் அடக்க வேண்டும், அந்தச் செலவு உண்டு.

#10 பண்ருட்டி ஓடு

நான் தென்னாற்காட்டுக்காரன். எங்கள் ஊர் முந்திரி ஓட்டை யாருமே சொல்லவில்லையே? ஓட்டில் வரும் எண்ணெயைக் காய்ச்சினால் கிடைப்பது கார்டனால், அதுவும் ஃபீனால் வகைதான். பெங்களூரில் இருந்த இந்திய பிளைவுட் தொழில் ஆராய்ச்சி, பயிற்சி நிறுவனம், ஃபீனாலில் ஒரு பங்குக்குப் பதில் கார்டனால் போட்டுப் பிளைவுட் பசை செய்திருக்கிறது. ஒரே எச்சரிக்கை, காய்ச்சாத எண்ணெய் பட்டால் தோல் வெந்துபோகும். ஓடு உடைக்கும் பெண்களின் விரல்களைப் பார்த்தால் தெரியும்.

#11 பாலாற்றுத் தம்பி

எல்லோரும் பழையதையே பேசுகிறீர்கள். குரோம் ஷேவிங் தூள்தான் மலை மாதிரி கிடக்கிறதே, அதிலும் தோலின் புரதமான கொலாஜன்தானே? அதைக் கரைத்துப் பசை ஆக்கினால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய். கல்லூரி ப்ராஜெக்டுக்கு எடுக்கலாம் என்று இருக்கிறேன்.

#12 சுண்ணாம்புக்குழி, ஆம்பூர்

தம்பி, ராணிப்பேட்டையில் குரோமியக் குவியலால் நிலத்தடி நீர் மஞ்சளான கதை தெரியுமா? தெரிந்துகொண்டு வந்து பேசு. தோலில் இருப்பது மூன்று இணைதிறன் குரோமியம், அது அமைதியானதுதான். தப்பான சூட்டில், தப்பான ரசாயனத்தில் அது ஆறு இணைதிறன் குரோமியமாக மாறினால் விஷம். நீ பசை ஆக்கிக் கட்டிலில் பூசுவாய், நாளைக்கு ஒரு தச்சர் அதை சாண்டர் போட்டுத் தேய்ப்பார். அந்தத் தூசி யார் மூச்சில் போகும்?

#13 பென்சீன் வளையம்

பாய் கோபம் நியாயம், ஆனாலும் தம்பியின் கேள்வியில் விஷயம் இருக்கிறது. மக்னீசியம் ஆக்சைடு போட்டு மெல்லிய காரத்தில் புரதத்தைக் கரைக்கும் நொதி சேர்த்தால், ஜெலட்டின் கரைசல் தனியாகவும் குரோமியம் வண்டலாகவும் பிரியும். அந்த வண்டலை மறுபடி தோல் பதனிடவே பயன்படுத்தலாம். பிரிந்த புரதத்தில் குரோமியம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று ஒவ்வொரு தொகுதியிலும் அளக்க வேண்டும். ஆய்வகமும் ஆசிரியரும் பக்கத்தில் இருந்தால் செய், தம்பி. சென்னையில் 1948-லிருந்து மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, அவர்கள் நூலகத்துக்கு ஒரு நடை போய் வா. பட்டறைக்கு மட்டும் கொண்டுவராதே.

மச்சானுக்கு வருகிறேன். என் கணக்கில் இந்த ஊருக்குப் பொருந்துவது டானின், அதாவது மரப்பட்டையில் இருக்கும் துவர்ப்புப் பொருள். தோல் கம்பெனிகளில் மூட்டையாகப் பார்த்திருப்பீர்கள், மிமோசா தூள் என்று. வாட்டில் மரப் பட்டையின் சாறு அது. தென் ஆப்பிரிக்காவில் 1970-களிலிருந்தே அதை வைத்துப் பலகை செய்கிறார்கள், பீட்சி என்ற வேதியியலாளர் பெயர் இதில் அடிக்கடி வரும். பட்டைச் சாறு எல்லாம் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். வாட்டில், ஆவாரம், கருவேலம் பட்டையில் இருப்பது ஒருவகை டானின், ஃபீனாலைவிட வேகமாகப் பிணையும். கடுக்காயில் இருப்பது வேறு வகை. தோலுக்கு நன்றாக ஏறும், பசைக்குச் சோம்பேறி. விலை குறைவு என்று கடுக்காய்த் தூளை வாங்கினால் பலகை கையோடு பிரியும்.

இறுகவைக்க ஃபார்மால்டிஹைடு ஊற்ற வேண்டியதில்லை. டானின் எடையில் 5 முதல் 10 சதவீதம் ஹெக்ஸமைன் போதும். பலகை செங்கறுப்பாக வரும், மேலே லேமினேட் ஒட்டுவதால் அது குறையில்லை.

#14 கணக்குப்பிள்ளை

ஒரு நிமிஷம். ஹெக்ஸமைனே ஃபார்மால்டிஹைடும் அம்மோனியாவும் சேர்த்துச் செய்ததுதானே? முன்வாசலில் துரத்திவிட்டுப் பின்வாசலில் கூப்பிடுகிறீர்களா?

#15 பென்சீன் வளையம்

நல்ல பிடி சார். செய்வது அதில்தான், மறுக்கவில்லை. ஆனால் பிரஸ்ஸில் டானின் பக்கத்தில் இருக்கும்போது ஹெக்ஸமைன் முழுவதும் உடைந்து ஃபார்மால்டிஹைடாக வெளியே வருவதில்லை. பாதி உடைந்த நிலையிலேயே டானின் அதைப் பிடித்துக்கொள்கிறது. அப்படிச் செய்த பலகையிலிருந்து வரும் வாயு மிகவும் குறைவு, வெறும் மரமே சூட்டில் கொஞ்சம் விடுமே, ஏறக்குறைய அந்த அளவுக்கு இறங்கிவிடும்.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. கரைசல் சீக்கிரம் கெட்டியாகிவிடும், ஸ்ப்ரே அடைத்துக்கொள்ளும். பட்டைச் சாறு ஒவ்வொரு தொகுதிக்கும் கொஞ்சம் மாறும், யூரியா பசை மாதிரி கண்ணை மூடிக்கொண்டு ஒரே அளவு போட முடியாது. இப்போதைக்குத் தூள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருகிறது. நீலகிரியிலும் கொடைக்கானல் மலையிலும் புல்வெளியைத் தின்றுவிட்ட வாட்டிலை அகற்றும் வேலை நடக்கிறது. அந்தப் பட்டை மலையிலேயே மட்கிப் போகாமல் கீழே இறங்கினால்தான் இது உண்மையில் கழிவிலிருந்து வந்த பசை ஆகும்.

#16 சுண்ணாம்புக்குழி, ஆம்பூர்

பட்டையில் பதனிடும் குழிகளில் மீந்த தண்ணீரையும் பசைக்குக் கேட்டு யாராவது வருவதற்கு முன் சொல்லிவிடுகிறேன். அதில் உப்பு, புரதம், கரைந்த குப்பை எல்லாம் கலந்திருக்கும். சுத்தம் செய்யும் செலவுக்குப் புதுத் தூளே வாங்கலாம்.

#17 பாலாற்றுத் தம்பி

பாய், மன்னிக்கணும், குரோமை விட்டுவிட்டேன். கெட்டுப்போன பால்? கேசீன் பசை என்று படித்தேன்.

#18 பென்சீன் வளையம்

திரித்த பாலின் தயிர்க்கட்டியில் சுண்ணாம்பு சேர்த்தால் நல்ல பசைதான். இரண்டாம் உலகப் போரில் மொஸ்கிட்டோ என்ற மர விமானத்தை முதலில் அதில்தான் ஒட்டினார்கள். அப்புறம் ஃபார்மால்டிஹைடு பசைக்கு மாறினார்கள், ஈரத்தில் கேசீன் தாங்காது, பூஞ்சை வரும். உளிச்சத்தம் அண்ணா வஜ்ரத்துக்குச் சொன்ன எல்லையே இதற்கும்.

#19 காட்பாடி மரக்கடை

மச்சானோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தோம். வாட்டில் தூள், ஹெக்ஸமைன், கொஞ்சம் புளியங்கொட்டை மாவு என்று சின்ன அளவில் பார்க்கலாம் என்கிறார். முகப்புக்கும் நடுவுக்கும் மலைவேம்பு வெனியர் (மெல்லிய மரத் தகடு). பட்டறையில் டானினைக் கிளாம்ப் போட்டு ஒட்டலாமா? ஒட்டியது தேறியதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

#20 பென்சீன் வளையம்

கிளாம்ப் வேலைக்கு ஆகாது. டானினும் ஹெக்ஸமைனும் பிணைய 140, 150 டிகிரி சூடு வேண்டும். அது பிரஸ் வைத்திருப்பவர்கள் சமாச்சாரம்.

சோதனைக்கு பிளைவுட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 303-ல் இருக்கும் அளவையே எடுத்துக்கொள்ளுங்கள். எம்.ஆர். (ஈரம் தாங்கும்) தரம் என்றால் 60 டிகிரி தண்ணீரில் 3 மணி நேரம். பி.டபிள்யூ.ஆர். (கொதிநீர் தாங்கும்) தரம் என்றால் 8 மணி நேரம் கொதிக்க வேண்டும். ஐ.எஸ். 710 மரைன் பலகைக்கு 72 மணி நேரம், அந்த ஆசை இப்போது வேண்டாம். எடுத்த துண்டை உளியால் நெம்புங்கள். மரநார் கிழிந்து பசைக் கோட்டில் ஒட்டிக்கொண்டு வந்தால் பிணைப்பு நன்றாக இருக்கிறது. கோடு வழுவழுப்பாகத் தெரிந்தால் தோல்வி.

#21 கணக்குப்பிள்ளை

8 மணி நேரக் கொதியைத் தாண்டி வந்தால் நாலு பலகை என் கடையில் வையுங்கள். விலை அதிகம்தான் இருக்கும், கைக்குழந்தை இருக்கும் வீடுகளுக்கு நானே எடுத்துச் சொல்லிப் பார்க்கிறேன். ஐ.எஸ். முத்திரை இல்லாமல் விற்க முடியாது, அந்த வேலையை இப்போதே தொடங்கச் சொல்லுங்கள்.

#22 உளிச்சத்தம்

வெனியரை நன்றாகக் காயவைத்துப் பிரஸ்ஸில் ஏற்றச் சொல்லு தம்பி. மலைவேம்பு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். 150 டிகிரி சூட்டில் அந்த ஈரம் ஆவியாகிப் பலகை நடுவில் ஊதிக்கொண்டு வரும், அப்புறம் பசையைக் குறை சொல்வார்கள். குடியாத்தத்தில் எனக்குத் தெரிந்த பீலிங் மில்லில் (மரத்தை வெனியராகச் சீவும் ஆலை) துண்டு வெனியர் கிடைக்கும். சோதனைக்கு அது போதும். எத்தனை அடி வேண்டும் என்று கேட்டுச் சொல்லு.